ஸ்கேன் பிலிம் போதாது, சீடியையும் கேட்டு வாங்குங்கள்!

எக்ஸ்ரே பிலிமை டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. வெள்ளையாகத் தெரிவது எலும்பு, கறுப்பாகத் தெரிவது காற்று என்ற அளவில் நமக்கும் ஏதோ புரியும். இந்தப் பழக்கத்தில்தான் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்த பின்னரும் பெரிய கவரில் போட்டுத் தரும் பிலிம்களை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

எம்ஆர்ஐ என்பது போட்டோ அல்ல. அது முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் டேட்டா. பிலிமில் இருப்பது அந்த டேட்டாவிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு ஸ்கிரீன் ஷாட் மட்டுமே. எக்செல் பைலை பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, பைலை அழித்துவிட்டால் எப்படி இருக்கும்? பல நோயாளிகளுக்கு இன்று நடப்பது அதுதான். இது சிறிய விஷயம் இல்லை என்பதைக் காட்ட, ஒரே ஒரு ஸ்கேன் வகையை எடுத்துக்கொள்கிறேன். நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோயான லிம்போமாவில் பயன்படும் 'டிபியூஷன் வெயிட்டட் எம்ஆர்ஐ' என்பதே அது.

(படிக்கும்போது குழப்பம் வேண்டாம். சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கொண்டு எடுக்கும் ஸ்கேன். சீடி என்று நான் எழுதுவது கம்ப்யூட்டரில் போடும் வட்டத் தகடு.)

தண்ணீரின் ஓட்டம் படமாவது எப்படி?

நம் உடம்பில் உள்ள தண்ணீரின் மூலக்கூறுகள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. இடம் தாராளமாக இருந்தால் அதிக தூரம் அலையும். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் அதிகம் நகர முடியாது. காஞ்சிபுரம் மாவட்டம் பழையசீவரத்தில், தை மாதப் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் நாளில் தெருவில் பத்தடி நடக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதே தெருவில் சாதாரண நாளில் கைவீசி நடக்கலாம். தெரு அதேதான், நெரிசல்தான் வேறு. டிபியூஷன் எம்ஆர்ஐ அளப்பது இந்த நெரிசலைத்தான்.

மெஷின் இதற்காக இரண்டு காந்தத் துடிப்புகளைக் கொடுக்கிறது. முதலாவது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு அடையாளம் போடுகிறது. இரண்டாவது அந்த அடையாளத்தை அழிக்கிறது. நகராமல் நின்றவற்றின் அடையாளம் சரியாக அழிந்து, சிக்னல் முழுதாகக் கிடைக்கும். நகர்ந்து போனவற்றுக்குக் கணக்கு ஒத்துவராது, சிக்னல் குறையும். எனவே நெரிசலான இடம் பளிச்சென்று தெரியும். ஸ்டெஜ்ஸ்கல், டானர் என்ற இருவர் 1965ல் இந்த முறையை ஆய்வுக்கூடத்துக்காகக் கண்டறிந்தனர். பிரான்ஸ் நாட்டு டாக்டர் டெனி லெ பியான் 1986ல் இதை மனித உடம்பின் படங்களுக்குக் கொண்டுவந்தார்.

இதற்கு மின்னல் வேகத்தில் படம் எடுக்கும் முறை தேவை. அதை வகுத்தவர் பீட்டர் மான்ஸ்பீல்டு. எம்ஆர்ஐ கண்டுபிடிப்புகளுக்காக 2003ல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதலில் மூளைக்கு மட்டும் பயன்பட்ட டிபியூஷன் முறையை, நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்க, உடம்பு முழுவதற்கும் எடுக்கும் வழியை ஜப்பானின் டாரோ டகஹாரா குழுவினர் 2004ல் வெளியிட்டனர். அதன் பிறகுதான் லிம்போமா டாக்டர்களின் பார்வை இதன் பக்கம் பலமாகத் திரும்பியது.

லிம்போமாவில் என்ன பயன்?

நிணநீர் முடிச்சுகள் கழுத்து, அக்குள், நெஞ்சு, வயிறு, தொடை இடுக்கு என உடம்பு முழுவதும் உள்ளன. நம் ஊரில் நெறிக்கட்டு என்று சொல்வது இவை வீங்குவதைத்தான். 1832ல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற இங்கிலாந்து டாக்டர் இந்த முடிச்சுகளில் வரும் ஒரு நோயை விவரித்தார். அவர் பெயரில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்றும், மற்றவை நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்றும் வழங்கப்படுகின்றன.

லிம்போமா முடிச்சில் செல்கள் அடர்த்தியாக அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் நகர இடமிருக்காது. அதனால் டிபியூஷன் படத்தில் பளிச்சென்று தெரியும். இதற்கு ஊசி மருந்து தேவையில்லை. கதிர்வீச்சு இல்லை. அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டிய குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது பெரிய நன்மை.

பளபளப்பை விட முக்கியமானது ஏடிசி என்ற எண். ஒரே இடத்தை குறைந்த 'பி வேல்யூ', அதிக 'பி வேல்யூ' என இரண்டு அமைப்புகளில் எடுத்து, சிக்னல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் இந்த எண் கிடைக்கும். இதை நீங்களே எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம். பி வேல்யூ 0ல் சிக்னல் 1000, பி வேல்யூ 1000ல் சிக்னல் 450 என்று வைத்துக்கொள்வோம். 1000ஐ 450 ஆல் வகுத்து, 'எல்என்' என்ற லாகரிதம் பங்ஷனில் கொடுத்து, வரும் விடையை 1000 ஆல் வகுங்கள். ஏறத்தாழ 0.0008 வரும். வினாடிக்கு இத்தனை சதுர மில்லிமீட்டர் என்பது இதன் அளவு. உடல் வெப்பநிலையில் உள்ள சுத்தமான தண்ணீருக்கு இது 0.003 அளவில் இருக்கும். அதாவது நம் உதாரண முடிச்சில் தண்ணீரின் நடமாட்டம் கால் பங்குக்குச் சற்று மேல்தான்.

இப்போது கீமோதெரபி தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். செல்கள் சாகின்றன, நெரிசல் குறைகிறது, தண்ணீர் நகரத் தொடங்குகிறது. இதே முடிச்சில் இரண்டாவது சிக்னல் 200 ஆகக் குறைந்தால் ஏடிசி 0.0016 ஆகிவிடும். இரண்டு மடங்கு. கட்டி இன்னும் அதே அளவில் இருந்தாலும் உள்ளே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு அறிகுறி. லிம்போமாவில் சிகிச்சைக்குப் பின்னும் தழும்பு போல ஒரு கட்டி மிஞ்சி நிற்பது சகஜம். அதில் உயிருள்ள நோய் இருக்கிறதா, வெறும் தழும்பா என்ற கேள்வியில்தான் அடுத்த சிகிச்சையே அடங்கியிருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். இந்த எண் தனியாக நின்று அதிகம் பேசாது. சிகிச்சைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் அதற்கு முழு அர்த்தம் வரும். பழைய டேட்டா இல்லை என்றால் பாதிப் பயன் போய்விடும்.

விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்

உடம்பு முழுவதும் எடுத்த டிபியூஷன் படத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றிப் போட்டால் அது பெட் ஸ்கேன் போலவே தெரியும். இதை 'கதிர்வீச்சு இல்லாத பெட்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெட் ஸ்கேன் செல்கள் எவ்வளவு சர்க்கரையை இழுக்கின்றன என்று பார்க்கிறது. டிபியூஷன் எம்ஆர்ஐ தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறது. படம் ஒன்றுபோல் இருப்பதால் அளப்பதும் ஒன்றாகிவிடாது.

ஆரோக்கியமான நிணநீர் முடிச்சிலும் செல்கள் அடர்த்திதான். எனவே அதுவும் பளிச்சென்றுதான் தெரியும். மண்ணீரலும் அப்படியே. டிபியூஷன் படத்தில் பளபளப்பதெல்லாம் புற்றுநோய் என்று நினைத்தால் ஊரில் பாதிப் பேரை நோயாளி ஆக்கிவிடலாம். அதனால்தான் நீளவாட்டு அளவு 1.5 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்ற பழைய கணக்கையும் டாக்டர்கள் விடாமல் பார்க்கிறார்கள். சில இடங்களில் தண்ணீர் அதிகமாக இருப்பதாலேயே வெள்ளையாகத் தெரியும். அங்கே ஏடிசி படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோயும் கழுத்து முடிச்சுகளை வீங்க வைக்கும். அது டிபியூஷன் எம்ஆர்ஐ, பெட் இரண்டையுமே ஏமாற்றக்கூடியது. நோய் எது என்று உறுதி செய்ய முடிச்சிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியே வழி. எந்த ஸ்கேனும் அதற்கு ஈடாகாது.

2014ல் வெளியான லுகானோ வழிகாட்டுதலின்படி, சர்க்கரையை நன்றாக இழுக்கும் லிம்போமா வகைகளுக்கு பெட்-சி.டி. ஸ்கேன்தான் முதல் தேர்வு. அதன் முடிவை டோவில் அளவுகோல் என்ற 5 படிகளில் மதிப்பிடுகிறார்கள். டிபியூஷன் எம்ஆர்ஐக்கு இப்படி எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் லிம்போமாவில் இல்லை. மெஷினுக்கு மெஷின் ஏடிசி சற்று மாறுபடும். ஆனால் சர்க்கரையை அதிகம் இழுக்காத சில லிம்போமா வகைகளிலும், கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டிய இடங்களிலும் இது கைகொடுக்கிறது. என் கருத்து இதுதான்: டிபியூஷன் எம்ஆர்ஐ பெட்டுக்குப் போட்டி அல்ல, துணை. அந்தத் துணை பயன்பட வேண்டும் என்றால் அதன் டேட்டா பத்திரமாக இருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு நேர்ந்தது

பழையசீவரத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு லிம்போமா என்று தெரிந்தபோது, சிகிச்சைக்கு முன் ஒரு தனியார் மையத்தில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிலிமும் ரிப்போர்ட்டும் வந்தன. சீடி தரவில்லை. கேட்டதற்கு, "சர்வரில் இருக்கும், தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்" என்றார்கள். கீமோ முடிந்து அடுத்த ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் ஒரு கட்டி மிஞ்சி இருந்தது. பழைய ஸ்கேனின் டேட்டா வேண்டும் என்றார் டாக்டர். மையத்துக்குப் போனால், இடம் போதாமல் பழைய பைல்களை அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.

சித்தப்பாவுக்கு விஷயம் பிடிபடவில்லை. "ஏண்டா தம்பி, இவ்ளோ பெரிய பிலிம் குடுத்தாங்களே, அதுல இல்லாததா அந்தச் சின்னத் தகட்டுல இருக்கப் போவுது?" என்றார். "பிலிம்ல படம்தான் சித்தப்பா இருக்கு, நம்பர் இல்ல" என்றேன். அந்த எண் இல்லாததால் கூடுதலாக ஒரு ஸ்கேன், அதற்கான செலவு, அதன் முடிவு வரும் வரை வீடு முழுக்கத் தூக்கமில்லாத நாட்கள். மிஞ்சியது தழும்புதான் என்று கடைசியில் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் காத்திருப்பு தேவையே இல்லாத ஒன்று.

பிலிமில் எவை தொலைகின்றன?

ஸ்கேன் மெஷின் ஒவ்வொரு புள்ளியையும் பெரும்பாலும் 12 பிட் அளவில் பதிகிறது. அதாவது 4096 சாயல்கள். நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜேபெக் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 சாயல்கள்தான். பிலிமை செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் நசுங்கிப் போகிறது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட் இரண்டையும் டெக்னீஷியன் எப்படி வைத்து பிரிண்ட் எடுத்தாரோ அப்படியே நின்றுவிடும், மாற்ற முடியாது. முடிச்சின் மேல் வட்டம் போட்டு ஏடிசி எண்ணைப் படிக்க வழியே இல்லை.

இத்தனைக்கும் டேட்டா ஒன்றும் பெரிதல்ல. ஒரு படம் 256க்கு 256 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் 128 கேபி. 200 படங்களை 3 பி வேல்யூக்களில் எடுத்தால் 600 படங்கள், மொத்தம் 75 எம்பி. மற்ற வரிசைகளைச் சேர்த்தாலும் பெரும்பாலும் ஒரு 700 எம்பி சீடியில் அடங்கும், இல்லையேல் ஒரு டிவிடி போதும். நாம் போனில் எடுக்கும் கல்யாண வீடியோவை விடச் சிறியது. இடம் போதவில்லை என்ற சமாதானம் எடுபடாது.

பைல் பார்மட்டும் பிரச்னை இல்லை. மருத்துவப் படங்களுக்கென்று 1985ல் தொடங்கிய பொது விதிமுறை 1993 முதல் 'டைகாம்' என்ற பெயரில் வழங்குகிறது. எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் வேறு ஊர் டாக்டர் திறந்து பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் ஆவணங்களை டாக்டர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. மத்திய சுகாதார அமைச்சகம் 2016ல் வெளியிட்ட மின்னணு மருத்துவ ஆவணத் தர நிர்ணயம், படங்களுக்கு டைகாம் முறையையே குறிப்பிடுகிறது. ஆவணம் மருத்துவமனையின் கையில் இருந்தாலும் அதில் உள்ள தகவல் நோயாளிக்குச் சொந்தம் என்றும் கூறுகிறது. 2021ல் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆளுக்கு 14 இலக்க எண் தரப்படுகிறது.

ஆனால் காலையில் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு மதியம் வீடு திரும்புபவர் உள்நோயாளி அல்லவே! 3 ஆண்டு விதி அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். ஸ்கேன் கட்டணத்திலேயே டைகாம் பைல்களும் அடக்கம், நோயாளி கேட்காமலே தர வேண்டும் என்று விதி வர வேண்டும். அரசுக் காப்பீட்டில் எடுக்கும் ஸ்கேன்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணாவே 1969ல் புற்றுநோயால் மறைந்தவர். இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு வெளி மையங்களில் எடுத்த ஸ்கேன்களைச் சுமந்து வரும் கிராமத்து நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் டேட்டாவும் இருந்தால் டாக்டர்களின் வேலை எவ்வளவு எளிதாகும்!

'நோயாளிகள் கையில் கொடுத்தால் தாங்களே பார்த்து பயந்துவிடுவார்கள்' என்று சிலர் வாதிடுகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மண்ணீரல் பளபளப்பதைப் பார்த்து ஒருவர் கலங்கிப் போகலாம். அதற்காக டேட்டாவை மறைப்பது சரியல்ல. பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவரிடமும் அவர் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துத்தானே வைக்கிறோம்?

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஸ்கேன் எடுக்கும் முன்பே, 'டைகாம் பைல்கள் எல்லாம் வேண்டும், ஏடிசி படங்களும் சேர்த்து' என்று சொல்லிவிடுங்கள். பென் டிரைவ் ஏற்க மாட்டார்கள் என்றால் சீடி அல்லது டவுன்லோட் லிங்க் கேளுங்கள்.

2. வீட்டுக்கு வந்ததும் சீடியை முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பைல்களுக்கு எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இருக்கலாம். பெயரை மாற்ற வேண்டாம், 'டைகாம்டிர்' என்ற பைலையும் விட்டுவிட வேண்டாம். இப்போதைய லேப்டாப்களில் சீடி டிரைவ் பெரும்பாலும் இருப்பதில்லை. தெரு முனை கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தால் நொடியில் காப்பி செய்து தருவார்கள். வேலை முடிந்ததும் அங்கே காப்பி தங்காமல் அழிக்கச் சொல்லுங்கள்.

3. போல்டருக்கு ஸ்கேன் எடுத்த தேதியையே பெயராக வையுங்கள். இன்னொரு காப்பி வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். வெயிலிலும் ஈரத்திலும் சீடி கெட்டுவிடும்.

4. திறந்து பார்த்துச் சரிபாருங்கள். விண்டோஸில் மைக்ரோடைகாம், ரேடியன்ட் போன்ற வியூவர்கள் உள்ளன. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வீசிஸ் இலவசமாகக் கிடைக்கும். படங்கள் வந்தால் போதும், மூடிவிடுங்கள். வியூவர் உங்களை டாக்டர் ஆக்காது.

5. டைகாம் பைலின் உள்ளேயே நோயாளியின் பெயர், வயது, தேதி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். டாக்டரிடம் நேரில் கொடுங்கள்.

6. அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மெஷினில் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒப்பிடுவது எளிதாகும்.

கல்வெட்டு சொல்லும் பாடம்

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் திருமுக்கூடல் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 'வீரசோழன்' என்ற மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என எல்லாம் பதிவாகியுள்ளன. ஏறத்தாழ 950 ஆண்டுகள் கடந்தும் அதைப் படிக்க முடிகிறது.

கல்லில் வெட்டியவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் தெரியாது. பின்னால் ஒருவருக்குத் தேவைப்படும் என்பது தெரிந்திருந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில், ஒரு நோயாளியின் ஸ்கேன் அவருடைய கீமோ முடியும் வரைகூட நிலைக்கவில்லை. 75 எம்பியைக் காப்பாற்ற நம்மிடம் வசதி இல்லாமல் இல்லை, கேட்கும் பழக்கம்தான் இல்லை. அடுத்த முறை ஸ்கேன் சென்டரில் ரசீது வாங்கும்போதே சீடியையும் கேளுங்கள்.